ஒண்ணாப்பு வாசலில்: வாசகர் கேள்வி – பதில்

மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஜூனில் அரசுப் பள்ளியில் ஒண்ணாப்பு சேர்க்கிறோம். பால்வாடிக்கே அழுதுகொண்டுதான் போனாள். நானும் வீட்டுக்காரரும் தறி வேலை. வாசலில் வெகுநேரம் நிற்க முடியாது. முன்கூட்டியே எதையெல்லாம் பழக்க வேண்டும்?
— ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

எழுத்தை இப்போதைக்கு விடுங்கள். அதை டீச்சர் பார்த்துக்கொள்வார். திறக்க வராத டிபன் பாக்ஸ் மூடி, கழற்ற வராத பாவாடைக் கொக்கி, கேட்கக் கூச்சமாக இருக்கும் 'ஒண்ணுக்கு': முதல் மாதம் பிள்ளை கலங்குவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

மே மாதத்திலேயே தொடங்குங்கள். பள்ளிக்குக் கொண்டுபோகப்போகும் அதே டப்பாவில் தினமும் ஒரு வேளை சாப்பாடு போட்டு, அவளே திறந்து, தின்று, மூடட்டும். நான்கு பக்கமும் கிளிப் உள்ள டப்பாவை ஐந்து வயது விரல் திறக்கத் திணறும். இழுத்தால் சட்டென்று வந்து குழம்பு மடியில் கொட்டும். ஒரே தட்டுமூடி உள்ளதோ சிறிய தூக்குப்போசியோ போதும். தண்ணீர் பாட்டில் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம்.

சீருடை தைக்கும்போது இடுப்புக்கு எலாஸ்டிக் வைக்கச் சொல்லுங்கள். அடிமடிப்பு இரண்டு அங்குலம் விட்டால் அடுத்த வருஷம் பிரித்து இறக்கலாம். பைக்குள் ஒரு கவரில் மாற்று ஜட்டியும் பாவாடையும் எப்போதும் இருக்கட்டும். 'உள்ளே வேற துணி இருக்கு, நனைஞ்சா டீச்சர்கிட்ட சொல்லு' என்று அவளிடமே காட்டி வையுங்கள்.

கழிப்பறைதான் இதில் முக்கியம். வீட்டில் மேற்கத்திய பாணி என்றால், குத்தவைத்து உட்காரவும் மக்கில் தண்ணீர் மொண்டு கழுவவும் பழக்க வேண்டும். 'மிஸ், ஒண்ணுக்குப் போகணும்' என்பதை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். கூச்சப்படும் பெண்குழந்தைகள் நாள் முழுக்க அடக்குவார்கள். அடக்குவதற்காகத் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பினால் சந்தேகப்படுங்கள். அடிக்கடி நீர்க்கடுப்பு, சாயங்காலம் வீட்டு வாசலிலேயே துணி நனைவது இவையும் அதன் அடையாளம்தான்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவும் உண்டு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவான திட்டம் அது. உப்புமா, கிச்சடி, பொங்கல் வகைகள் வரும். உப்புமா தொடாத பிள்ளை என்றால் இப்போதே வாரம் இரண்டு நாள் வீட்டிலும் செய்யுங்கள். பதினைந்து நாள் முன்பிருந்தே தூங்கும் நேரம், எழும் நேரம், மதியச் சோற்று நேரம் மூன்றையும் பள்ளிக்கூட மணிக்கு நகர்த்திவிட வேண்டும். ஜூன் முதல் வார அழுகையில் பாதி தூக்கமும் பசியும்தான்.

விட்டுவரும் முறைக்கு வருவோம். பராக்குக் காட்டிவிட்டு நழுவி வராதீர்கள். திரும்பிப் பார்த்து ஆள் இல்லை என்றால், மறுநாளிலிருந்து உங்கள் சேலையை விடவே மாட்டாள். சொல்லிவிட்டு, ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். 'நாலு மணிக்கு வர்றேன்' என்பது அவளுக்குப் புரியாது. 'சோறு சாப்பிட்டு, விளையாடி, கடைசி மணி அடிச்சதும் இந்த வேப்பமரத்தடியில நிப்பேன்' என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். சொன்ன மரத்தடியில் ஐந்து நிமிஷம் முன்பே நில்லுங்கள். முதல் வாரத்தில் ஒரு நாள் தாமதமானாலும் அந்த வாக்கு உடையும். உங்களைவிட அப்பாவிடம் அழுகை குறைவு என்றால் அவரே கொண்டுபோய் விடட்டும். ஜன்னலில் எட்டிப் பார்க்கவே கூடாது. அடங்கிய அழுகை உங்கள் முகத்தைக் கண்டதும் முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். திங்கட்கிழமையும் காலாண்டு விடுமுறை முடிந்த நாளும் திரும்ப வரும், பயப்பட வேண்டாம். நான்கு வாரம் கடந்தும் பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி, வாந்தி என்றால் அதைப் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள். கழிப்பறையா, பக்கத்துப் பிள்ளை கிள்ளுகிறதா, காது சரியாகக் கேட்கவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'சேட்டை பண்ணினா பள்ளிக்கூடத்துல போட்டுடுவேன்' என்ற மிரட்டலை வீட்டில் யாரும், பாட்டியும் சேர்த்து, இன்றோடு நிறுத்த வேண்டும்.

எங்கள் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லித்தான் சேர்த்தார்கள். அம்மா ஐப்பசியில் பிறந்தேன் என்பார். சர்டிபிகேட்டில் ஜூன் 1. அந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டா? பேரனுக்குப் பிறப்புச் சான்றில் பெயரே ஏறவில்லை. சேர்ப்பார்களா?
— 71 வயது வாசகர், குகை

அர்த்தம் உண்டு ஐயா. பிறந்த குழந்தைக்கு உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான். வளர வளரக் கை நீளும். தலை அந்த வேகத்தில் பெருக்காது. ஆறு வயதை ஒட்டித்தான் கை உச்சந்தலையைத் தாண்டி மறுபக்கக் காதை எட்டும். பிறந்த தேதி எழுதி வைக்காத வீடுகளுக்கு அது நல்ல உத்தி. குறையும் உண்டு: நெட்டையான நாலரை வயதுப் பிள்ளை தொட்டுவிடும். சத்துக்குறைவால் வளராத ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டாமல் ஒரு வருஷம் வீணாகும். தலையைச் சாய்த்தாலும் எட்டிவிடும் என்பதால், விவரம் தெரிந்த தலைமையாசிரியர்கள் தாடையைப் பிடித்து நேராக நிறுத்துவார்கள். காது எட்டியதும், சேரும் நாளில் ஐந்து வயது நிறையும்படி கணக்கிட்டு ஒரு மே, ஜூன் தேதியை எழுதிவிடுவது வழக்கம். உங்கள் ஜூன் 1 அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

பேரனைச் சேர்க்கலாம். 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது. 13-வது பிரிவுப்படி நுழைவுத் தேர்வோ நேர்காணலோ வைக்கக் கூடாது. ஆனாலும் பெயரை இப்போதே ஏற்றிவிடுங்கள். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் கட்டணமில்லை. பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். போக வேண்டியது, பிள்ளை பிறந்த ஊரின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம். குடியிருக்கும் ஊரில் தேடி அலைபவர்கள் நிறையப் பேர். சேலத்து ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால், வீடு ஓமலூரில் இருந்தாலும் பதிவு சேலத்தில்தான். இனிஷியலையும் ஆங்கில எழுத்துக்கூட்டையும் ஆதாரோடு ஒப்பிட்டுக் கொடுங்கள். இங்கே ஒரு எழுத்து பிசகினால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை துரத்தும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றுதான் ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அவர்கள் வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

விஜயதசமியன்று வீட்டிலேயே எழுத்து ஆரம்பிக்க ஆசை. நெல்லில் எழுதுவதா, அரிசியிலா? எவ்வளவு பரப்ப வேண்டும்?
— ஒரு தகப்பன், செவ்வாய்ப்பேட்டை

இரண்டும் வழக்கம்தான். நெல்லின் நுனி பிஞ்சு விரலைக் குத்தும். அழுதுவிட்டால் அந்த நாளே கெட்டுவிடும். பச்சரிசி நல்லது. ஓரடி அகலத் தாம்பாளத்தில் அரைக்கிலோவுக்குள் போதும். கனமாகக் கொட்டினால் விரல் போன தடத்தில் அரிசி சரிந்து மூடி, எழுத்தே தெரியாது. அரை விரல் கனத்துக்குப் பரப்பித் தட்டை லேசாகத் தட்டுங்கள். பித்தளை மின்ன, கோடு தெளிவாகத் தெரியும்.

பிள்ளையை மடியில், உங்களைப் போலவே தட்டைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். எதிரே உட்கார்ந்து பிடித்தால் எழுத்து தலைகீழாகிவிடும். ஆட்காட்டி விரலை இறுக்காமல் மணிக்கட்டைத் தாங்குங்கள். ஒரே ஒரு 'அ', தட்டு நிறைய. மூன்று முறை போதும். இடது கை முந்தினால் அன்றைக்கு மட்டும் வலது கையைக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அதன் கையை மாற்றாதீர்கள். நாக்கில் மோதிரத்தால் எழுதுவதாக இருந்தால் வெந்நீரில் கழுவிய, கல் பதிக்காத மோதிரமாக இருக்கட்டும்.

சிலேட்டு இன்னும் தேவையா? மகன் பலப்பத்தைத் தின்கிறான்.
— ஒரு தாய், கொண்டலாம்பட்டி

தேவை. தாளில் தப்பு நின்றுவிடும். சிலேட்டில் துடைத்தால் போயிற்று, அடுத்ததை அஞ்சாமல் போடுவான். மாவுபோல வழுக்கும் மாக்கல் பலப்பம் பென்சிலைவிட லேசாக ஓடும். சேலத்துக் கல்சட்டியும் மாக்கல்தான். விரல் நீளத்துக்குக் குறைந்த துண்டைத் தூக்கிப் போடுங்கள். துண்டு குறுகினால் மூன்று விரலால் பிடிக்க முடியாமல் முஷ்டியால் பிடிப்பான். அந்தப் பிடி பிறகு எளிதில் மாறாது. கீச்சென்று கத்தினால் பலப்பத்தைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். எச்சில் தொட்டு அழிப்பதற்குப் பதில் ஈரத்துணி ஒன்றைச் சட்டத்தில் கட்டிவிடுங்கள். வெளுத்துப்போன பழைய கல்சிலேட்டைக் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துத் தேய்த்துக் கருப்பாக்கியது நம் ஊரில் எல்லோரும் அறிந்ததே. இன்றும் அது பலிக்கும். தகரச் சிலேட்டுக்கு வேண்டாம்.

தின்பதை மட்டும் அடித்துத் திருத்த முடியாது. பலப்பம், மண், சுண்ணாம்பு தின்னும் ஆசைக்குப் பின்னால் பல சமயம் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அளவு பார்த்து, குடற்புழு மருந்தும் கேளுங்கள்.

ஏற்காடு நாகலூர் பக்கம் குடியிருக்கிறோம். காப்பித் தோட்ட வேலை. பக்கத்துப் பள்ளியில் போடுவதா, பஸ் ஏற்றிச் சேலத்துக்கே அனுப்புவதா? சாதிச் சான்று இன்னும் கைக்கு வரவில்லை.

ஐந்தாவது வரையாவது மேலேயே படிக்கட்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஐந்து வயதுப் பிள்ளை தினமும் இரண்டு தடவை வாந்தி எடுத்து, வகுப்பில் தூங்கத்தான் செய்யும். எப்போதாவது கீழே கூட்டிப்போனால் வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு இட்லி கொடுத்து, முன் சீட்டில் நேராகப் பாதையைப் பார்க்க வையுங்கள்.

மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை, புத்தகத்தோடு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறையும் அரசு தருகிறது. அளவு கொடுக்கும்போது பாதத்தை ஒரு தாளில் வரைந்து, கட்டைவிரல் அகலம் கூட்டிக் கொடுங்கள். மூடுபனியில் கம்பளி ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும். உள்ளே ஒரு பருத்திச் சட்டை அவசியம். பையில் உலர்ந்த காலுறை ஒரு ஜோடி வையுங்கள். நனைந்த காலுறையோடு உட்கார்ந்தால் விரலிடுக்கு வெந்துபோகும். நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கியதும் விடியலிலேயே நீங்கள் கிளம்புவீர்கள். யார் கூட்டிப்போவது, யார் அழைத்துவருவது என்று ஜூனிலேயே பேசி வையுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுபோவது அந்த மாதங்களில்தான்.

சாதிச் சான்று ஒண்ணாப்புச் சேர்க்கைக்குக் கட்டாயமில்லை. நீங்கள் பழங்குடியினர் என்றால், அந்தச் சான்று கோட்டாட்சியர் கையெழுத்தில் வர வேண்டியது, காலம் எடுக்கும். விண்ணப்பத்தை இந்த வருஷமே போட்டுவிடுங்கள்.

கொலுசு போட்டு அனுப்பலாமா?
— ஒரு பாட்டி, பொன்னம்மாபேட்டை

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் இந்த ஆசை நியாயம்தான் பாட்டி. சலங்கை வைத்தது வேண்டாம். ஓடும்போது திருகாணி கழன்று எங்கேயாவது விழும். பெஞ்சுச் சந்தில் மாட்டினால் கணுக்கால் கிழியும். சாயங்காலம் வந்ததும் போட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு 80 வயது. முதல் நாள் பள்ளிக்கூடம் போனதைச் சொல்லச் சொன்னால் 'என்னத்தச் சொல்றது' என்கிறார். எப்படிக் கேட்டு எழுதி வைப்பது?
— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

'என்ன ஞாபகம் இருக்கிறது' என்று மொத்தமாகக் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். பொருளைப் பிடித்துக் கேளுங்கள். யார் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது? காலில் செருப்பு இருந்ததா? உட்கார்ந்தது மணலிலா, பலகையிலா? மதியம் எதில் சோறு? வாத்தியாருக்கு என்ன கொண்டுபோனார்கள்? கையில் ஒரு சிலேட்டும் பலப்பமும் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் வரும். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் போதும். செல்போனில் பதிவு செய்து, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். 'பள்ளிக்கோடம்' என்றால் அப்படியே இருக்கட்டும். இடையில் திருத்தாதீர்கள், தேதி கேட்காதீர்கள். அக்கா தங்கை உயிரோடு இருந்தால் இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். இருவரும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.