4 ஜிபி மடிக்கணினி ஏன் திணறுகிறது?

ஓர் அறையையே அடைத்த எனியாக் என்ற தொடக்ககால மின்னணுக் கணினி சொற்ப நினைவகத்தைக் கொண்டு பீரங்கிக் கணக்குகளைப் போட்டிருக்கும்போது, 4 ஜிபி ரேம் உள்ள உங்கள் மடிக்கணினி பத்து உலாவி டேப்களுக்கே ஏன் திணறுகிறது, புதியது வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

1945-இல் கட்டி முடிக்கப்பட்ட எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தும், எண்களைச் சேமித்துக் கூட்டும் அதன் 20 திரட்டிகளில் ஒவ்வொன்றும் ஒரு பத்து இலக்க எண்ணை மட்டுமே வைத்திருந்தது. நொடிக்கு 5,000 கூட்டல்களைச் செய்த அந்த இயந்திரத்தில் வேறொரு கணக்குக்கு மாற, கம்பிகளைப் பிடுங்கிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி அமைப்பதற்கே நாள்கணக்கில் ஆனது. அதற்கு இன்றைய கணினித் திரை போன்ற ஒன்றும் இல்லை. உங்கள் திரையோ, 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்டதென்றால், ஒரே ஒரு காட்சியை வைத்திருக்கவே சுமார் 83 லட்சம் பைட்டுகளைக் கேட்கும்; படங்களும் விளம்பரங்களும் (பெருந்தீனிக்காரர்கள் இவைதாம்) அதற்கு மேல்.

புதியது வாங்குமுன், திணறும் நேரத்தில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை (நினைவகமும் வட்டும் எவ்வளவு பயன்படுகின்றன என்று காட்டும் கருவி) திறந்து பாருங்கள். நினைவகம் நிரம்பி, வட்டும் 100 சதவீதத்தில் நின்றால், ரேமில் இடமில்லாதவற்றை விண்டோஸ் வன்தட்டுக்குத் தள்ளுவதும் மீட்பதுமாக இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ரேமை 8 ஜிபி ஆக்கி, சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகம்) பொருத்தினால், மின்னஞ்சல், கடிதம், காணொளி ஆகியவற்றுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டு, மாற்ற முடியாத மாதிரியா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.