ரோஜாவில் செம்பேன்: எந்த மருந்தை வாங்குவது?

கேள்வி: மொட்டை மாடியில் பதினைந்து தொட்டிகளில் பட்டன் ரோஜா வளர்க்கிறேன். வெயில் ஏறியதிலிருந்து இலைகளில் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள். இப்போது இலை பழுப்பேறி உதிர்கிறது, கொழுந்தில் மெல்லிய நூலாம்படை தெரிகிறது. உரக்கடையில் இலையைக் காட்டியதும் இமிடாகுளோப்ரிட் கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. ஆன்லைனில் ‘எல்லாப் பூச்சிக்கும் ஒரே இயற்கை ஸ்பிரே’ என்று அரை லிட்டர் 499 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். கையில் இருக்கும் இமிடாகுளோப்ரிட்டையும் இனி அடிக்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் செம்பேனுடையவை. சிவப்புச் சிலந்திப்பேன் என்றும் சொல்வார்கள். எட்டுக்கால் கொண்ட இது சிலந்தி இனம், பூச்சி இனமே இல்லை. அசுவினி, வெள்ளை ஈ போன்றவற்றைக் கொல்லும் இமிடாகுளோப்ரிட் இதை ஒன்றும் செய்யாது. போதாக்குறைக்கு, செம்பேனைத் தின்னும் பொறிவண்டு போன்ற நல்ல பூச்சிகளை அது ஒழித்துவிடும். இந்த மருந்து அடித்த பிறகு செம்பேன் பெருகுவது பல செடிகளில் கண்டறியப்பட்ட விஷயம்தான். உங்கள் மாடியிலும் அதுவே நடந்திருக்கலாம்.

எதையும் வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால் அது பேன்தான். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சிவப்பாகவும் இருக்கும், பச்சை கலந்த மஞ்சளாகவும் இருக்கும்.

முதல் மருந்து குழாய்த் தண்ணீர். காசு செலவில்லை என்பதாலோ என்னவோ, கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை. மோசமான இலைகளைக் கிள்ளி, கவரில் போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில், இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பேன் குடியிருப்பது அங்கேதான். மேலே மட்டும் நனைத்தால் பயனில்லை. மாலையில் செய்யாதீர்கள். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் ரோஜாவுக்குக் கரும்புள்ளி நோய் வரும்.

அதோடு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் ஒன்றிரண்டு மில்லி சோப்புக் கரைசல், பிறகு 5 மில்லி எண்ணெய். கலக்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்தபின், இருட்டும் முன் இலை உலர்ந்துவிடும்படி, ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். இலை கருகாவிட்டால் எல்லாச் செடிக்கும் அடிக்கலாம். ஒருமுறை அடித்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று விடுபவர்கள்தான் அதிகம். முட்டைகள் தப்பிவிடும். நம் ஊர் வெயிலில் முட்டை பேனாக வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடித்தாக வேண்டும்.

இனி அந்த 499 ரூபாய் ஸ்பிரே. பூச்சி கொல்லும் என்று சொல்லி விற்கும் எதுவும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண், மூலப்பொருளின் பெயரும் சதவீதமும், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதி, நச்சின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம் அல்லது பச்சை நிறச் சாய்சதுரம், இவை லேபிளில் இருக்கின்றனவா? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘இயற்கை’ என்ற சொல்லும் ஒரு பச்சை இலைப் படமும் மட்டும் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கொடுக்கிறீர்கள்.

செம்பேனுக்கென்றே ரசாயன மருந்துகளும் உண்டு. அபாமெக்டின் 1.9% இசி (தண்ணீரில் கலந்து அடிக்கும் திரவம்) ரோஜாவுக்கே அனுமதி பெற்றது. பலன் இருக்கும், ஆனால் தேனீக்கும் மீனுக்கும் கடும் நஞ்சு. துணி உலரும், குழந்தைகள் ஓடும் மாடியில் பதினைந்து தொட்டிக்காக இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியே வாங்கினாலும் உரிமம் உள்ள கடையில், சீல் பிரிக்காத புட்டியாக, பில்லோடு வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். பழைய ஸ்டாக்கில் டைகோஃபால் என்ற செம்பேன் மருந்து இருக்கிறது என்று நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். 2023இல் அது தடை செய்யப்பட்டுவிட்டது.

கேள்வி: நர்சரியில் வாங்கி வந்த நான்காம் நாளே குரோட்டன்ஸ் இலைக்கு அடியில் செம்பேனைப் பார்த்தேன். ‘செடிக்கு கேரண்டி கிடையாது’ என்கிறார் நர்சரிக்காரர். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் செடியும் ஒரு பொருள்தான். அவர் வாய்வார்த்தையால் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் பேன் நர்சரியிலிருந்தே வந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். நான்கு நாள் கழித்து, பில்லும் படமும் இல்லாமல், அது கடினம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் பெட்டி பிரிக்கும் வீடியோவோடு முதலில் விற்பனையாளரிடம் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். பக்கத்துத் தெரு நர்சரி என்றால், நானாக இருந்தால் வேறு செடி மாற்றித் தரும்படி கேட்பேன். பலர் சம்மதிப்பார்கள்.

அடுத்த முறை பணம் கொடுக்கும் முன் நாலைந்து இலைகளைத் திருப்பி, மொபைல் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். வாங்கி வந்த செடியை இரண்டு வாரம் மற்றத் தொட்டிகளிலிருந்து தள்ளியே வையுங்கள். செம்பேன் நூலைப் பிடித்துக்கொண்டு காற்றிலேயே அடுத்த செடிக்குப் போய்விடும்.