பாமினியில் அடித்த நாவல்

மதிப்புக்குரிய ஐயா,

2006இல் அச்சான என் நாவலின் கோப்பை, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை, மகன் யூனிகோடுக்கு மாற்றித் தந்தான். திரையில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அவர்' என்று தேடினால் ஒன்றும் வருவதில்லை. இடையிடையே 'இ' முளைத்திருக்கிறது. போனில் வாசிப்பவர்களுக்காக நீண்ட அத்தியாயங்களை வெட்டவும் வேணுமா?

வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

வெட்ட வேண்டாம். முதலில் எழுத்தைத் திருத்துங்கள்.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். அதில் 'ர்', 'ரி' இரண்டுக்கும் அரவு ('ா') விசையைத்தான் தட்டுவோம். மாற்றும் மென்பொருள் அதைக் கவனிக்காவிட்டால் அரவுக்கு மேல் புள்ளி ஏறி 'அவா்' ஆகிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடலுக்கு அது வேறு சொல். பார்வையற்றவர்களுக்கு வாசித்துக்காட்டும் செயலியும் அங்கே தடுமாறும். தமிழில் அரவுக்கு மேல் புள்ளி வரவே வராது. ஆகவே 'ா்' அத்தனையையும் ஒரேயடியாக 'ர்' ஆக்கலாம். 'ாி', 'ாீ' இரண்டையும் அப்படியே 'ரி', 'ரீ' ஆக்குங்கள்.

'இ' முளைத்தவை நீங்கள் ஆங்கில எழுத்துருவில் கொமா போட்ட இடங்கள். பாமினியில் அந்த விசைதான் 'இ'. எல்லா 'இ'யையும் மாற்றினால் இறாலும் இருட்டும் போய்விடும். 'இ'யோடு ஓர் இடைவெளியையும் சேர்த்துத் தேடுங்கள். சொல்லின் கடைசியில் தனி 'இ' வராது. இ.போ.ச பஸ்ஸுக்கும் ஆபத்தில்லை, அங்கே அடுத்து நிற்பது புள்ளி. வரிக் கடைசியில் உள்ளதை மட்டும் கண்ணால் பார்க்கவேணும்.

பிழைதிருத்தியை மட்டும் தன்பாட்டில் ஓடவிடாதீர்கள். 'பிறகு' என்பதற்கு நம் பேச்சில் வரும் 'மறுகா' அதற்குப் பிழை. உங்கள் பாத்திரங்களுக்கு அதுதான் மூச்சு.

போனில் எழுத்தைப் பெருப்பித்தால் பக்கம் என்பதே கலைந்துவிடும். காட்சி மாறுவதைக் காட்ட நீங்கள் விட்ட வெற்று வரி திரையின் விளிம்பில் விழுந்தால், வாவிக்கரையில் நின்ற வாசகர் அறியாமலே அடுத்த வருடத்துக்குள் போய்விடுவார். அங்கெல்லாம் மூன்று உடுக்குறி (***) இடுங்கள். அத்தியாயத் தலைப்புகளுக்கு வேர்ட்டின் தலைப்புப் பாணியைக் கொடுத்தால் இபப் என்ற மின்னூல் கோப்பில் பொருளடக்கம் தானாக வரும். நீளம் அப்படியே இருக்கட்டும்.

அச்சுப் பிரதி ஒன்றை, 2005 முதல் ஈழத்து நூல்களை ஆவணப்படுத்திவரும் நூலகம் தளத்துக்கும் கொடுங்கள். மாற்றிய கோப்பில் ஒரு சொல் சந்தேகமென்றால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பக்கங்கள் வேணும்.