ஆறு மாறினால் ஏற்றம்: துரேன் கிராமங்களில் ஐந்து நாள் சைக்கிள் பயணம்

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எனக்கு 57 வயது, கணவருக்கு 61. ஞாயிறுதோறும் 50 கிலோமீட்டர் வரை சைக்கிள் ஓட்டுகிறோம். மே மாதம் பாரிஸில் மகள் வீட்டுக்குப் போகிறோம். இடையில் ஐந்து நாள் எங்கள் இருவருக்கு மட்டும் கிடைக்கும். கடும் ஏற்றம் இல்லாமல், பழைய ஊர்கள் வழியாகப் போகிற பாதை வேண்டும். எல்லோரும் லுவார் நதிக்கரைப் பாதையைச் சொல்கிறார்கள். அது சரியா? எங்கள் சைக்கிளையே கொண்டுபோகலாமா? நாங்கள் சைவம்."

சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஐந்து நாளுக்காக அதைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, பாரிஸில் மறுபடி பூட்டி, அதிவேக ரயிலில் அதற்கு இடம் தேடுவதிலேயே பாதி உற்சாகம் வடிந்துவிடும். பாரிஸிலிருந்து தூர் நகரத்துக்கு அந்த ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் நேர் ஹேண்டில் வண்டிகள்தான் கிடைக்கும். வளைந்த ஹேண்டில் ரோடு பைக்தான் வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். 28 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். 32 கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து, லுவார் பாதை. நெவேர் நகரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடற்கரை வரை சுமார் 900 கிலோமீட்டர் போகிறது. வழிகாட்டிப் பலகைகள் தவறாமல் உண்டு, ஏற்றமும் மிகக் குறைவு. நல்ல பாதைதான், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஐந்து நாளும் அதிலேயே போனால் நீங்கள் கேட்டது முழுதாகக் கிடைக்காது. பல இடங்களில் அது வெள்ளத்தடுப்புக் கரையின் மேலேயோ கீழேயோ நீள நேராக ஓடும். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வயல், முகத்தில் காற்று. சில பகுதிகள் தார் இல்லாமல் பொடி ஜல்லி இறுக்கிய தடம். டயர் அகலத்தை நான் வலியுறுத்துவது அதனால்தான். சின்னச் சின்னப் பழைய ஊர்கள் அதிகமாக ஒளிந்திருப்பது பெரிய ஆற்றின் கரையில் அல்ல, அதில் வந்து சேரும் கிளை ஆறுகளின் ஓரத்தில்: ஆந்த்ர், வியேன், அப்புறம் வியேனில் கலக்கும், ஓடை அளவே இருக்கும் மான்ஸ். இவை எல்லாம் தூர் நகரத்துக்குத் தென்மேற்கே, பழைய துரேன் மாகாணத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

இங்கே ஏற்றத்தைக் கணக்கிட ஒரு எளிய வழி உண்டு. ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள்ளேயே போனால் சமதளம். ஓர் ஆற்றை விட்டு இன்னோர் ஆற்றுக்குப் போக வேண்டுமானால் நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தில் ஏறி இறங்க வேண்டும். அந்த ஏற்றம் சுமார் 50, 60 மீட்டர் உயரம்தான். சின்ன கியரில் பேசிக்கொண்டே ஏறிவிடலாம். ஆகவே வரைபடத்தை விரித்து, அன்றைக்கு எத்தனை முறை ஆறு மாறுகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் சுகமான நாள். நான்கு என்றால் பாதையை மாற்றுங்கள்.

வரைபடம் என்றதும் கைப்பேசி நினைவுக்கு வரும். அதோடு மிஷெலின் நிறுவனத்தின் 1:1,50,000 அளவுக் காகித வரைபடம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்புச் சாலையில் போகாதீர்கள். மஞ்சளில் வேறு வழியில்லாதபோது மட்டும். வெள்ளை நிறச் சாலைகள்தான் உங்களுக்கானவை: கிராமத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே போகும், நல்ல தார் போட்ட, பத்து நிமிடத்துக்கு ஒரு கார் வந்தாலே அதிகம் என்கிற சாலைகள். சாலையின் மேல் சின்ன அம்புமுனை ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீதச் சரிவு, இரண்டு இருந்தால் 9 முதல் 13. முனை மேட்டுப் பக்கம் பார்க்கும். இரண்டு முனை போட்ட சாலையை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பாதைக்கு வருவோம். முதல் நாள் தூரிலிருந்து ஷேர் ஆற்றை ஒட்டி வில்லாந்த்ரி வரை சுமார் 20 கிலோமீட்டர். இந்தத் துண்டுக்கு லுவார் பாதையையே பிடியுங்கள், நகரத்திலிருந்து வெளியேற அதைவிட அமைதியான வழி இல்லை. வில்லாந்த்ரி மாளிகையை 1906-ல் வாங்கிய ஜோவாகிம் கார்வாலோ என்பவர் அதன் மறுமலர்ச்சிக் காலத் தோட்டத்தை மீட்டுருவாக்கினார். முட்டைக்கோஸையும் கீரையையும் கோலம் போட்டது போல் பாத்தி கட்டி நட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள். அதன்பின் மேட்டில் ஏறி இறங்கினால் ஆந்த்ர் ஆற்றங்கரையில் அஸே-லெ-ரிதோ. இரண்டு இரவு அங்கேயே தங்குங்கள்.

மறுநாள் பையை அறையிலேயே வைத்துவிட்டு ஆற்றை ஒட்டிக் கிழக்கே சஷே, அங்கிருந்து நீர் ஆலைகள் நிற்கும் போன்-தெ-ருவான். போகவர 25 கிலோமீட்டர்தான் இருக்கும். சஷேயில் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் வாழ்ந்தார். ஊர்ச் சதுக்கத்தில் அவருடைய உலோகச் சிற்பம் ஒன்று காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும்.

மூன்றாம் நாள்தான் நான் எல்லோருக்கும் ஆசையோடு பரிந்துரைக்கும் நாள். அஸேயிலிருந்து தெற்கே விலேன்-லே-ரோஷே. பாறையைக் குடைந்த வீடுகளும், கூடை முடைபவர்களும் நிறைந்த ஊர். 1849-ல் ஊர்ப் பாதிரியார் தொடங்கிய கூடைமுடைவோர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் நடக்கிறது. அங்கிருந்து வெள்ளைச் சாலைகளில் கிரிஸே-சூர்-மான்ஸ். பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள் என்று 1982-ல் தொடங்கிய சங்கத்தின் பட்டியலில் உள்ள ஊர், ஆனால் கூட்டமே இருக்காது. வெண்ணிறச் சுண்ணாம்புக் கல் வீடுகள். அந்தக் கல்லுக்கு தூஃபோ என்று பெயர். கையால் தடவினால் விரலில் மாவு ஒட்டும், அவ்வளவு மென்மை. வெட்டும்போது இன்னும் மென்மையாக இருக்குமாம், காற்றுப் பட்டுத்தான் இறுகும். இந்த வட்டாரத்து மாளிகை, கோயில், மாட்டுக்கொட்டகை எல்லாமே அந்த ஒரே கல். மாலை வெயிலில் ஊரே வெண்ணெய் நிறமாகிவிடும். மான்ஸ் ஓடையோடு இறங்கி லீல்-பூஷாரில் வியேன் ஆற்றைத் தாண்டி, தென்கரையில் தவான் ஊரின் சிறிய தேவாலயத்தில் பழைய சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு ஷினோன் போய்ச் சேருங்கள். மொத்தம் 50 கிலோமீட்டருக்குள் வரும்.

ஷினோன் கோட்டையில்தான் 1429-ல் ஜான் ஆஃப் ஆர்க் பட்டத்து இளவரசர் சார்லஸைச் சந்தித்தார். அதற்கும் முன்னால், 1189-ல், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி இதே கோட்டையில் இறந்தார். அவர் உடலை மேற்கே ஃபோன்தெவ்ரோ மடத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். உங்கள் நான்காம் நாள் பயணமும் அந்தத் திசையில்தான். வியேனுக்கும் லுவாருக்கும் நடுவில் உள்ள வெரோன் புல்வெளிகள் வழியே போங்கள், முழுக்கச் சமதளம். பாலம் தாண்டினால் கான்த்-சான்-மார்தான். 397-ல், தூர் நகர ஆயராக இருந்த புனித மார்ட்டின் இறந்த ஊர். அவர் உடலுக்கு இரண்டு ஊர்த் துறவிகள் சண்டை போட, தூர்க்காரர்கள் இரவோடு இரவாக ஜன்னல் வழியே இறக்கிப் படகில் கொண்டுபோனார்கள் என்பது கதை. சைக்கிளைத் தேவாலய வாசலில் பூட்டிவிட்டு, பின்னால் உள்ள செங்குத்தான சந்தில் நடந்து ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு ஆறுகளும் சேரும் இடம் தெரியும். சட்டென்று கலப்பதில்லை. மணல் திட்டுகளுக்கு நடுவே இரண்டும் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் போய் அப்புறம்தான் ஒன்றாகும்.

அடுத்த ஊர் மோன்சோரோ. அங்கிருந்து மெதுவாக ஏறும் ஒரு பள்ளத்தாக்கில் 5 கிலோமீட்டர் போனால் ஃபோன்தெவ்ரோ. ஹென்றியின் கல்லுருவம் படுத்திருக்க, அருகே அவர் மனைவி எலினோர் திறந்த புத்தகத்தைக் கையில் பிடித்தபடி படுத்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1963 வரை இந்த மடம் சிறைச்சாலையாக இருந்தது. ஷினோன் திரும்பும்போது காற்று பெரும்பாலும் முதுகில் இருக்கும். இந்த வட்டாரத்தில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் அதிகம் வீசும், அதுவும் பிற்பகலில் வலுக்கும். காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்புவது என்று எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். அங்கே வாடகை வண்டிகளில் இடது கைப் பிடிதான் முன் பிரேக், வலது பின் பிரேக். நம் ஊர் வண்டியில் பழகிய கைக்கு இது நேர் எதிர். முதல் பயணத்தில் வில்லாந்த்ரி பக்கம் ஓர் இறக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து இடதை இறுக்கிப் பிடித்தேன். கீழே விழுந்து உள்ளங்கைத் தோல் உரிந்து மூன்று நாள் ஹேண்டிலைப் பிடிக்க முடியவில்லை. கடை வாசலிலேயே பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். வண்டிகள் வலப்பக்கம் ஓடும், ஆகவே இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துப் பழக வேண்டும். ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் இருந்து வருபவருக்கே முதல் உரிமை. ஒரு சின்னச் சந்திலிருந்து கார் நிற்காமல் வந்தால் அவர் மேல் தப்பில்லை, நாம்தான் நிற்க வேண்டும். கார்கள் உங்களைத் தாண்டும்போது ஊருக்குள் 1 மீட்டரும் வெளியே 1.5 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம்.

சாப்பாடு. உணவகங்களில் மதிய உணவு 12 முதல் 2 மணி வரைதான். 2.15-க்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். காலையிலேயே ரொட்டிக் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நிம்மதி. சைவர்களுக்கு இந்த வட்டாரத்தின் வரம் சான்த்-மோர் ஆட்டுப்பால் சீஸ். உருளையாக, சாம்பல் பூசி, நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகியிருக்கும். ஆனால் இதுபோன்ற மரபான சீஸ்களில் பாலை உறைய வைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துவது வழக்கம். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் தவிர்த்துவிடுங்கள். ரியெத் என்று பலகையில் கண்டால் அது இறைச்சி, பெரும்பாலும் பன்றி.

குடிநீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பலருக்கு முதலில் தயக்கமாக இருக்கும், பிரெஞ்சுச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். இரும்புக் கதவைத் தள்ளி உள்ளே போனால் சுவரோரம் ஒரு குழாய், அருகே பூவுக்கு நீர் ஊற்றும் வாளிகள். குடிக்கத் தகாத நீர் என்ற பலகை இல்லையா என்று பார்த்துவிட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது கதவைச் சாத்திவிடுங்கள்.

ஐந்தாம் நாள் ஷினோனின் பழைய தெருக்களில் காலை முழுக்க நடந்துவிட்டு, சைக்கிளோடு உள்ளூர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தூர். தெம்பு மீதி இருந்தால் மேற்கே சோமூர் வரை சுமார் 35 கிலோமீட்டர் ஓட்டி அங்கிருந்து ரயிலேறலாம்.

தேதியை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள். மே 1, மே 8 இரண்டும் அரசு விடுமுறை. இயேசு விண்ணேறிய விழாவின் வியாழக்கிழமையும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும். வெள்ளிக்கிழமையும் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸே இந்தப் பக்கம் வந்துவிடும், அறை கிடைக்காது. அது இல்லாத வாரமாகப் பார்த்து செவ்வாய்க்கிழமை தொடங்குங்கள். கிராமத்துக் கடைகள் ஞாயிறு பிற்பகலும் திங்களும் மூடிக் கிடக்கும். செவ்வாயில் கிளம்பினால் சனிக்கிழமை மாலை மகள் வீட்டில் இருப்பீர்கள்.