நல்ல நாள்தான் ஆளைக் கவிழ்க்கிறது

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய்) என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். ஒரு நாள் உடம்பு நன்றாக இருந்தால் வீட்டைக் கழுவி, துணி துவைத்து, பசாரும் போய் வந்துவிடுகிறேன். அடுத்த மூன்று நாள் படுக்கைதான். "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்கிறார் மாமியார். ஆபீசில் எம்.சி. (நோய் விடுப்பு) தீர்ந்துகொண்டே வருகிறது. நான் சோம்பேறியா?
- பெயர் வேண்டாம், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சோம்பேறியாக இருந்தால் ஒரே நாளில் இத்தனை வேலை நடக்காது தங்கச்சி. எனக்கு உன் கடிதத்தில் பயம் தந்தது அந்த நல்ல நாள்தான். அன்றைய பலம் போதாமல் நாளைக்கும் மறுநாளைக்கும் உள்ளதையும் சேர்த்து கந்துவட்டி ஆலோங்கிடம் கடன் வாங்குகிற மாதிரி வாங்கிவிட்டாய், அந்த வட்டி எப்படி ஏறும் என்று கோலாலம்பூர்க்காரிக்கு நான் சொல்லவேண்டுமா?

எனக்கு முடக்குவாதம், 11 வருடமாக. ஒரு தைப்பூசத்தன்று உடம்பு லேசாக இருக்கிறதே என்று பினாங்கு தண்ணீர்மலையின் 513 படியையும் நிற்காமல் ஏறிவிட்டேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் மைலோ டின்னைத் திறக்க விரல் வரவில்லை, சரி, கரண்டிக் காம்பை விட்டு நெம்பலாம் என்றால் கரண்டியையே பிடிக்க முடியவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறம் பிடித்துக்கொண்ட பழக்கம் ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் செய்யலாமே" என்று தோன்றுகிறபோதே நிறுத்துவது. களைத்த பிறகு உட்காருவதில் பயனில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வை, இன்றைக்கு என்ன செய்தாய், மறுநாள் எப்படி இருந்தது என்று. எவ்வளவு வேலைக்கு அப்புறம் விழுகிறாய் என்பது அதிலேயே தெரிந்துவிடும், நல்ல நாளிலும் அதற்குக் கீழேயே நில். வீடு கழுவுகிற நாளில் துணி கிடக்கட்டும். வெங்காயத்தை உட்கார்ந்து உரி, குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதென்றால் தலைக்கு வியாழக்கிழமையே குளித்துவிடு (தலை குளிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நோய் வந்தவர்களுக்குத்தான் தெரியும்). வெயில் பட்டால் பலருக்கு லூபஸ் கிளம்பும் என்பதால், காலைப் பசாரை விட்டுவிட்டு இருட்டின பிறகு பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போ.

டாக்டரிடமும் சொல். ரத்தச்சோகை, தைராய்டு கோளாறு இரண்டும் லூபஸ்காரர்களுக்கு அடிக்கடி வரும், இரண்டுமே ஆளைக் களைக்க வைக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் எந்த நேரத்தில் சாப்பிடவேண்டும் என்று கேள், ராத்திரியில் போட்டால் பலருக்குத் தூக்கம் கெடும். நீயாக மட்டும் குறைக்காதே, திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

வேலை இடத்து விஷயம். மலேசியத் தீபகற்பத்தில் சட்டப்படி நோய் விடுப்பு, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் அதற்கு 60 நாள் தனி. பலருக்குத் தெரியாதது இன்னொன்று: 2023 ஜனவரியிலிருந்து வேலை நேரம், நாள், இடம் இவற்றை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். கிடைத்தே தீரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எம்.சி. எல்லாம் தீர்ந்த பிறகு கெஞ்சுவதைவிட இப்போதே எழுதுவது மேல்.

மாமியாரிடம் வாதாடிப் பலத்தை வீணாக்காதே. அடுத்த தடவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயால் கேட்க வை. என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டவர்தான். இப்போது தைப்பூசத்துக்குப் போனால் எனக்கு முன்னால் ஓடிப்போய்ப் பந்தலில் நாற்காலி பிடித்து வைக்கிறார், போதாததற்கு "இவ படி ஏறக்கூடாது" என்று பக்கத்தில் இருக்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும் தொலைக்கிறார்.