கூலன்டில் ஆயில்: தப்பான ரிப்பேருக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கரூரில் வசிக்கிறேன். என் டீசல் காரின் கூலன்ட் டேங்கில் பழுப்பு நிறத்தில் கூழ் போல ஆயில் மிதந்தது. கோவையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். 'ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிடுச்சு' என்று இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்து ₹62,000 வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி ஆயில். இப்போது 'ஆயில் கூலர்தான் (கூலன்டை வைத்து இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் பாகம்) லீக்' என்று மேலும் ₹18,000 கேட்கிறார்கள். பில்லில் 'கியாரண்டி கிடையாது' என்று அச்சடித்திருக்கிறது. ஆரம்பத்தில் வண்டி சூடாகவில்லை, வெள்ளைப் புகை இல்லை, டிப்ஸ்டிக்கில் ஆயிலும் சுத்தமாகவே இருந்தது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். முழுத் தொகையும் வருமா என்பது வேறு விஷயம்.

நீங்கள் சொன்ன அறிகுறிகள் உங்களுக்குச் சாதகமானவை. இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்டின் அழுத்தத்தைவிட மிக அதிகம். அதனால் ஆயில் கூலர் உள்ளே விரிசல் விட்டால் ஆயில் கூலன்ட் பக்கம் போகும், ஆரம்பத்தில் டிப்ஸ்டிக் சுத்தமாகவே இருக்கலாம். ஆனால் இதை மட்டும் வைத்து வழக்கு போடாதீர்கள். கேஸ்கெட்டிலேயே ஆயில் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் இடையில் மட்டும் அறுந்தாலும் இதே அறிகுறிகள் வரும். எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் சொல்லும்.

மெக்கானிக்கின் கணிப்பு தவறிப்போனதே சேவைக் குறைபாடு ஆகிவிடாது. பார்க்க வேண்டிய சோதனைகளைப் பார்க்காமல் ஹெட்டைத் தூக்கியிருந்தால் அது குறைபாடு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தார்களா? கூலன்டில் சிலிண்டரின் எரிப்புப் புகை கலக்கிறதா என்று சோதித்தார்களா? பல டீசல் இன்ஜின்களில் ஆயில் கூலர் வெளிப்பக்கம்தான் இருக்கும். கழற்றி, ஒரு வாயை அடைத்து, காற்று கொடுத்துத் தண்ணீரில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ₹62,000 வேலைக்கு முன் இதைச் செய்தார்களா என்பதற்கு ஜாப் கார்டில் (செய்த வேலைகளை எழுதும் சீட்டு) ஒரு வரியாவது இருக்க வேண்டும். அதன் நகலையும், கழற்றிய பழைய கேஸ்கெட்டையும், ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்துவது) செய்த லேத் பில்லையும் கேளுங்கள். பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்பார்கள்; சரி, அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வண்டியை இனி ஓட்டாதீர்கள். ஆயில் பட்ட ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும். இன்ஜினை அணைத்தபின் கூலன்ட் ஆயிலில் இறங்கி பேரிங்கையும் கெடுக்கலாம். அந்தச் சேதத்தை உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். வேறு மெக்கானிக் கை வைப்பதற்கு முன், தேதி குறிப்பிட்டு முதல் ஒர்க்‌ஷாப்பையும் வரச் சொல்லிப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரை வைத்து, பிரிப்பதை வீடியோ எடுத்து, அறிக்கை வாங்குங்கள்.

'கியாரண்டி கிடையாது' என்ற வரிக்குப் பயப்பட வேண்டாம். அலட்சியமான வேலைக்கு அது கவசம் ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் கரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை (இதைச் சொல்வதால் எனக்குத்தான் நஷ்டம்). பிரிவு 69-இன்படி இரண்டு வருட அவகாசம் உண்டு. அதற்கு முன் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் பாருங்கள், சில ஒர்க்‌ஷாப்கள் அதிலேயே இறங்கி வரும். ஆணையம் வரை போனால், மாற்றிய ஆயில், கூலன்ட் போன்ற உங்களுக்குப் பயன்பட்ட செலவைக் கழித்துவிட்டே மீதியைத் தர உத்தரவிட வாய்ப்பு அதிகம்.

அவர்களுக்கு இன்னொரு வாதமும் உண்டு: ரேடியேட்டரிலும் ஹோஸிலும் தங்கிய பழைய ஆயில்தான் மறுபடி மிதக்கிறது என்பார்கள். சரியாக ஃபிளஷ் செய்யாவிட்டால் அப்படி நடப்பதும் உண்மைதான். ஆனால் 'ஆயில் கூலர்தான்' என்று அவர்களே சொல்லிவிட்டார்களே! அந்த ₹18,000-க்கு என்ன வேலை, ஏன் என்று விவரம் எழுதிய எஸ்டிமேட்டை இப்போதே வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். நோட்டீஸ் கைக்குப் போனபின் அதை எழுதித் தர மாட்டார்கள்.