கத்திரி வெயிலில் ஒன்பது கோயில்

அன்புள்ள ஆச்சிக்கு,

வருகிற மே மாதம் என் கணவரின் செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டில் படைப்பு, அதாவது முன்னோர்களுக்குப் படையலிட்டு வணங்கும் விழா. பங்காளிகள் எல்லோரும் கூடுகிறார்கள். நாங்கள் பெங்களூரிலிருந்து மூன்று வயது மகளுடன் வந்து நான்கு நாட்கள் தங்குகிறோம். அதற்குள் நகரத்தார்களின் ஒன்பது நகரக் கோயில்கள், திருமயம் கோட்டை, ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் இடம் எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டிவிட விரும்புகிறோம். எந்த வரிசையில் போனால் வசதி? காரச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா? புதியவர்களைக் கண்டு அழுவாளோ என்றும் பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

சாப்பாட்டைப் பற்றிய கவலையை விடுங்கள். இடியாப்பமும் வெள்ளைப் பணியாரமும் இருக்கிற வீட்டில் குழந்தை பட்டினி கிடக்காது. அழுதால் அழட்டும், மடிக்கு மடி மாற்றி, 'அயித்தைக்குப் பாட்டுப் பாடிக் காட்டு' என்று நிறுத்தி வைக்காமல் இருந்தால் போதும்.

என்னை உறுத்துவது உங்கள் பட்டியல். இதே பட்டியலை நானும் ஒருமுறை போட்டேன். என் மகனுக்கு அப்போது நான்கு வயது. கத்திரி தொடங்கிய வாரத்தில், இளையாத்தங்குடியில் ஆரம்பித்து ஒரே நாளில் ஒன்பது கோயிலையும் தரிசித்துவிடுவது என்று காரில் கிளம்பினோம். நான்காவது கோயிலை அடையும்போது உச்சிப் பொழுதாகிவிட்டது. நடை சாத்திவிடுவார்களே என்ற பதற்றத்தில் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிராகாரத்தில் நடந்தேன். அவன் கால் மாற்றிக் கால் தூக்கித் தூக்கி வைத்தான். விளையாடுகிறான் என்று நினைத்து அதட்டினேன். காரில் ஏறிய பிறகுதான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே உளுந்தளவில் இரண்டு கொப்புளங்கள். அவனுக்கு அது நினைவில்லை. எனக்கு மறக்கவில்லை.

நம் பாதம் பொறுக்கிற கல்லைக் குழந்தையின் பாதம் பொறுக்காது. அதன் தோல் மெல்லியது. சின்ன உடம்பில் சூடு சீக்கிரம் ஏறும். விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைச் சொல்லவும் அதற்குத் தெரியாது. உங்கள் பூர்வீக வீட்டைக் கட்டியவர்கள் வெயிலை அறிந்தவர்கள். தடித்த சுவர்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, நடுவே வானம் பார்த்த முற்றமாக வளவு என்று வைத்து, வெக்கை மேலேறிப் போகவும் முகப்பின் நிழற்காற்று உள்ளே வரவும் வழி செய்தார்கள்.

எங்கள் அப்பத்தா மதியச் சாப்பாடு முடிந்ததும் வளவைச் சுற்றிய தாழ்வாரமான பத்தியை ஈரத்துணியால் துடைத்து, பேரப்பிள்ளைகள் பதினோரு பேரையும் வரிசையாகப் படுக்க வைப்பார். பாய் கிடையாது. கல்லில் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். அந்த இடம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பானதும் ஒரு சாண் நகர்ந்துகொள்வோம். இப்படி நகர்ந்து நகர்ந்து, நான்கு மணிக்குக் கண் விழிக்கும்போது வரிசை கலைந்து, அந்தக் கோடியில் படுத்த அயித்தை மகளின் கால் என் வயிற்றின்மேல் கிடக்கும். காலையில் அவளோடு போட்ட சண்டை அப்போது எங்கே போனதென்று தெரியாது.

ஆத்தங்குடிக்குப் போய்க் கல்லைக் காட்ட நினைக்கிறீர்களே, அது கண்ணாடித் தகட்டின்மேல் வார்க்கப்படுவது, சூளையில் சுடப்படுவதில்லை, மிதிக்க மிதிக்க மினுங்கும். வருடம் முழுதும் பூட்டிக் கிடந்து, மிதிக்க ஆளில்லாமல் உங்கள் வீட்டுத் தரை மங்கிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் நான்கு நாட்களையும் காரிலா கழிப்பீர்கள்? உங்கள் மகள் ஓடவேண்டிய தரை அது.

வரிசை கேட்டீர்கள். ஒரு நாள் விடியற்காலையில், கல் சூடேறுமுன், பிள்ளையார்பட்டிக்கு மட்டும் போய் எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். 1687இல் கட்டிய திருமயம் கோட்டை எங்கும் ஓடிவிடாது; மார்கழியில் பார்த்துக்கொள்ளலாம். படைப்பன்று பெரிய அடுப்புகள் எரியும். கடைசிக் கட்டுக்கு அவளைத் தனியே விடாதீர்கள். ஊறணிக் குளத்துப் படிக்கும் அப்படியே. மற்ற நேரமெல்லாம் வளவில் விட்டுவிடுங்கள். மதியம் பாய் விரிக்க வேண்டாம்.